ஹெச்.பி. ஹோஸ் முனையில் குமிழி: ஹைட்ராலிக் கடையில் புது ஹோஸ் அடித்துக்கொள்ளலாமா?

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி)

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் சில நண்பர்கள் சேர்ந்து கிருஷ்ணகிரியிலிருந்து புதுச்சேரிக்கும், சீசன் இருக்கும்போது முருடேஷ்வர் பக்கத்து நேத்ராணித் தீவுக்கும் ஸ்கூபா டைவ் போய்வருகிறோம். டேங்க் அங்கே வாடகைக்கு எடுப்போம். டேங்க் காற்றை மூச்சுக்கு ஏற்ற அழுத்தத்துக்கு இறக்கித் தரும் ரெகுலேட்டர் செட் இரண்டு மட்டும் எங்கள் சொந்தம்.

அதில் ஒரு செட்டில் ஹெச்.பி. ஹோஸ் (டேங்க் அழுத்தத்தை அப்படியே கேஜுக்குக் கொண்டுபோகும் உயர் அழுத்தக் குழாய்) முனையில், பிரஷர் கேஜ் மாட்டியிருக்கிற இடத்திலிருந்து ஊசிமுனை அளவு குமிழி வரிசையாக வருகிறது. வெளியே காதில் வைத்தால் சத்தமே கேட்காது, தண்ணீரில் முக்கினால்தான் தெரியும். இன்னொன்றும் கவனித்தேன். டேங்க் நிறைந்து 200 பார் இருக்கும்போது குமிழி குறைவு. 60, 70 பாருக்கு இறங்கியபின் கூடுகிறது. இது எனக்குத் தலைகீழாகத் தெரிகிறது. ஹோஸ் வாங்கி ஆறு வருஷம் ஆகிறது.

இங்கே பெங்களூர் ரோட்டில் ஹைட்ராலிக் ஹோஸ் அடிக்கிற கடை ஒன்றில் காட்டினேன். "உங்களுக்கு 200 பார்தானே? பொக்லைனுக்கு நான் போடுற கால் இன்ச் டூ-வயர் ஹோஸ் 400 பார் தாங்கும். மரையும் என்கிட்ட இருக்கிற மரைதான். ஒரு மணி நேரத்துல கிரிம்ப் பண்ணித் தர்றேன்" என்றார். கிரிம்ப் என்றால் ஹோஸ் முனையில் உலோகக் கிண்ணத்தை நெரித்து ஃபிட்டிங்கைப் பொருத்துவது. டைவ் கடை விலையில் கால்வாசிகூட ஆகாது. அவர் ஏமாற்றுகிற ஆள் இல்லை, பொறுமையாக எல்லாம் விளக்கினார். அவர் சொன்னதில் ஓட்டை எங்கே என்று எனக்குப் பிடிபடவில்லை. மனசு மட்டும் ஒப்பவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கருங்கல் (பர்கூர்)

தம்பி, குவாரியில எங்க கம்ப்ரஸர் லைன் ஒழுகாத நாளே இல்ல. டெஃப்லான் டேப் ரெண்டு சுத்து சுத்தி, ஸ்பேனர்ல இன்னொரு கால் திருப்பு கொடுத்தா நின்னுடும். ஊசிமுனைக் குமிழிக்குப் போயி ஹோஸையே மாத்தணுமா? முதல்ல டைட் வச்சுப் பாருங்க.

நீலக்குப்பி (ஓசூர்)

கருங்கல் அண்ணா, உங்கள் லைன் 7 பார். இது 200. தயவுசெய்து இதில் டேப்பும் வேண்டாம், கூடுதல் திருப்பும் வேண்டாம். காரணத்தைச் சொல்கிறேன். நான் அந்தமானில் டைவ் சென்டர் ஒன்றில் ரெகுலேட்டர் சர்வீஸ் பார்த்தவள், இப்போது ஓசூரில் இருக்கிறேன்.

தென்பெண்ணை, நீங்கள் சொன்ன அடையாளத்திலேயே பாதி விடை இருக்கிறது. கேஜும் ஹோஸும் சேருகிற இடத்தில் ஸ்பூல் என்று ஒரு சின்னப் பித்தளைக் குழல் இருக்கும். அதன் இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஓ-ரிங், அதாவது ரப்பர் வளையம். அளவு 003, உள்விட்டம் ஒன்றரை மில்லிமீட்டர்கூட வராது. கேஜைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்கிறோமே, அப்படித் திரும்புவதே அந்த ஸ்பூலின் மேல்தான். 200 பாரை அடைத்து வைத்துக்கொண்டே சுழலவும் வேண்டும் என்றால், மொத்த ஹோஸில் முதலில் தேய்வது அந்த இரண்டு ஓ-ரிங்தான். கேஜ் பக்கம் வருகிற குமிழியில் பெரும்பாலானது இங்கிருந்துதான் வரும்.

அழுத்தம் குறையும்போது ஒழுக்கு கூடுவது தலைகீழ் இல்லை. ஓ-ரிங் வேலை செய்கிற விதமே அப்படி. காற்றின் அழுத்தமே ரப்பரைத் தள்ளி இடுக்கோடு ஒட்டவைக்கிறது. புது ரப்பர் மெத்தென்று இருப்பதால் குறைந்த அழுத்தத்திலும் தானாக ஒட்டும். வருஷக்கணக்கில் காய்ந்து இறுகிய ரப்பருக்கு 200 பார் தள்ளுதல் தேவைப்படுகிறது. 60 பாரில் அதற்குத் தள்ளுதல் போதவில்லை, விட்டுவிடுகிறது. ஆகவே ஒழுக்கு பார்க்கிறவர்கள் நிறைந்த டேங்கில் மட்டும் பார்த்துத் திருப்திப்படக் கூடாது. 50 பாரிலும் ஒருமுறை முக்கிப் பாருங்கள்.

இனி அந்தக் கால் திருப்பு விஷயம். இந்த ஃபிட்டிங்கில் மரை எதையும் அடைப்பதில்லை. பிடித்து வைத்துக்கொள்வது மட்டும்தான் அதன் வேலை. அடைப்பது ஓ-ரிங். ஹோஸ் முனையில் ஸ்பேனர் பிடிக்கிற அறுகோணத்தின் முகம் ரெகுலேட்டர் உடம்பில் பித்தளையோடு பித்தளையாக உட்கார்ந்த பிறகு நீங்கள் எவ்வளவு திருகினாலும் ஓ-ரிங் ஒரு மயிரிழைகூடக் கூடுதலாக நசுங்காது. நசுங்குவது மரை. ரெகுலேட்டர் உடம்பு குரோம் பூசிய பித்தளை, இரும்பு இல்லை. விரலால் நிற்கும்வரை சுற்றி, பிறகு சின்ன ஸ்பேனரால் லேசாக ஒரு பிடி, அவ்வளவுதான். டார்க் ரென்ச் வைத்திருப்பவர்களுக்குச் சுமார் 4.5 நியூட்டன் மீட்டர். டேப் சுற்றினால் அதன் துணுக்கு பிய்ந்து உள்ளே போய்க் கேஜின் துளையில் உட்காரும். அப்புறம் முள் நகராது. டேங்கில் 40 பார் இருக்கும்போது 120 காட்டுகிற கேஜை நம்பி ஆள் கீழே இருப்பார்.

ஹைட்ராலிக் ஹோஸ் போடக் கூடாது என்பது என் முடிவு. ஆனால் அதன் உள்விவரம் சொல்ல என்னைவிடத் தகுதியான ஒருவர் இங்கே இருக்கிறார். ஃபிட்டர் அண்ணா, வாங்க.

சிப்காட் ஃபிட்டர் (ஓசூர்)

வந்துட்டேன். ஓசூர் சிப்காட்டில் ஹைட்ராலிக் பவர் பேக் வேலை எனக்கு. ஹோஸ் அடிப்பதுதான் என் சோறு. டைவிங் போனதில்லை. இந்தம்மா ஒருமுறை பழைய ஹோஸ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டியதிலிருந்து இதில் ஈடுபாடு வந்தது.

கடைக்காரர் சொன்ன இரண்டு தகவலும் உண்மை. கால் இன்ச் டூ-வயர் ஹோஸ், இ.என். 853 தரத்தில் 2எஸ்.என். என்று அச்சிட்டிருந்தால், 400 பார் வேலை அழுத்தம். வெடிக்கும் அழுத்தம் அதற்கு நாலு மடங்கு. மரையும் சரி. இப்போதைய ரெகுலேட்டர்களில் ஹெச்.பி. வாய் 7/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 புரி, யு.என்.எஃப். என்ற மரை வகை. ஹைட்ராலிக்கில் நாங்கள் போடும் ஜே.ஐ.சி. என்ற வகைக் கால் இன்ச் ஃபிட்டிங்கும் அதே 7/16-20 தான். விரலிலேயே வழுக்கிக்கொண்டு ஏறும். ஏறிவிட்டதே என்று நம்பத் தோன்றும். எனக்குப் பயம் அங்கேதான்.

ஜே.ஐ.சி. ஃபிட்டிங் அடைப்பது 37 டிகிரி கூம்பில். ஆண் பக்கம் ஒரு கூம்பு, பெண் பக்கம் அதற்கு இணையான கூம்பு, இரண்டும் உலோகத்தோடு உலோகம் நெரிந்து அடைக்கும். ரெகுலேட்டர் வாயில் அந்தக் கூம்பே கிடையாது. நீலக்குப்பி சொன்ன மாதிரி அறுகோணத்துக்கு அடியில் உட்காரும் ஓ-ரிங்தான் எல்லாம் (012 அளவு). கூம்பு ஃபிட்டிங்கை அங்கே முறுக்கினால் மரைதான் 200 பாரோடு மல்லுக்கு நிற்கும், அடைப்பு என்று ஒன்று இருக்காது.

அதே மரையில் ஓ-ரிங் வைத்த ஃபிட்டிங்கும் எங்கள் தொழிலில் உண்டு, அது ஒழுகாமல் உட்காரவும் கூடும். சரி, ரெகுலேட்டர் பக்கம் அப்படித் தப்பித்தோம் என்று வையுங்கள். கேஜ் பக்கம்? ஸ்பூல் உட்காருகிற துளை வழவழவென்று அளவாகக் கடைந்தது. அந்த மாதிரி முனை எந்த ஹைட்ராலிக் பெட்டியிலும் கிடையாது.

அடுத்தது ஹோஸ். எங்கள் ஹோஸ் எண்ணெய்க்குச் செய்தது. காற்று எண்ணெய் மாதிரி இல்லை, அதிக அழுத்தத்தில் உள்ரப்பருக்குள் ஊறிக்கொண்டே போகும். ஊறிய காற்று வெளி உறைக்கு அடியில் தேங்கினால் உறை கொப்புளம் கொப்புளமாக எழும்பும். அதனால்தான் வாயுவுக்கு என்று செய்யும் ஹோஸ்களில் வெளி உறையில் நுண்துளை குத்தி அனுப்புகிறார்கள். அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ரப்பரில் ஊறியது வெளியே வரத் துடித்து ரப்பரையே உரித்துவிடும். நீங்களோ ஒவ்வொரு டைவுக்குப் பிறகும் 50 பாரிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்குகிறீர்கள்.

சுத்தமும் இருக்கிறது. நாங்கள் ஹோஸை வட்ட பிளேடில் அறுக்கிறோம், உள்ளே ரப்பர்த் தூள், கம்பித் தூள், எண்ணெய் எல்லாம் இருக்கும். மண் தள்ளுகிற வண்டிக்கு அது போதும். கேஜ் ஹோஸ் முட்டுச்சந்துதானே, அந்தக் காற்றை யார் சுவாசிக்கப் போகிறார்கள் என்று கேட்கலாம். கணக்குப் போடுங்கள். உள்விட்டம் 5 மில்லிமீட்டர், நீளம் 80 சென்டிமீட்டர் என்றால் கொள்ளளவு ஏறத்தாழ 16 மில்லிலிட்டர். 200 பாரில் அதற்குள் 3 லிட்டர் சாதாக் காற்று (வெளியே விட்டால் ஆகிற அளவு) அடைபட்டிருக்கிறது. டேங்க் காலியாகக் காலியாக அந்தக் காற்று திரும்பி வந்து உங்கள் வாய்க்குத்தான் போகிறது.

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி)

அண்ணா, நன்றி. கடைக்காரர் ஏன் அவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்பதும் இப்போது விளங்குகிறது, அவர் தொழிலுக்கு அவர் சொன்னது முழுக்கச் சரி.

அக்கா, ஒரு பயம் மட்டும் போகவில்லை. தண்ணீருக்கு அடியில் இந்த ஹோஸ் வெடித்தால்? "ஹெச்.பி. போச்சுன்னா டேங்க் ஒரே நொடியில் காலி" என்று எங்கள் குழுவில் ஒருவர் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.

நீலக்குப்பி (ஓசூர்)

இந்தப் பயத்தைத்தான் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். உண்மை இதற்கு நேர் எதிர்.

உங்கள் ஹெச்.பி. ஹோஸைக் கழற்றி, ரெகுலேட்டர் பக்கத்து முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நடுவில் ஒரு துளை தெரியும். எல்.பி. ஹோஸின் (வாயில் வைக்கும் பகுதிக்குக் குறைந்த அழுத்தத்தில் காற்று கொண்டுபோவது) முனையில் பென்சிலின் கூர் நுழைகிற மாதிரி வழி இருக்க, இதில் குண்டூசிகூட நுழையாது. அது தயாரிப்புக் குறை இல்லை, வேண்டுமென்றே வைத்தது. கேஜுக்குக் காற்று ஓட வேண்டியதில்லை, அழுத்தம் போய்ச் சேர்ந்தால் போதும். எனவே வழியை ஊசித்துளையாக்கிவிட்டால், ஹோஸ் கிழிந்தாலும் கேஜ் பிய்ந்தாலும் காற்று அந்தத் துளை விடுகிற அளவுதான் வெளியேறும். சத்தம் பயங்கரமாக இருக்கும், குமிழி முகத்தை மறைக்கும். ஆனால் மேலே ஏறி வரும் அளவுக்கு நிமிஷங்கள் கையில் இருக்கும்.

பயப்பட வேண்டியது எல்.பி. ஹோஸுக்கு. அதில் அழுத்தம் சுற்றுப்புறத்தைவிடச் சுமார் 9, 10 பார்தான் கூடுதல், கேட்கச் சாதுவாக இருக்கும். ஆனால் வழி அகலம். அது அறுந்தால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் (டேங்க் வால்வில் மாட்டுகிற ரெகுலேட்டர் உடம்பு) முழுசாகத் திறந்துகொண்டு கொட்டும், நிமிஷக் கணக்கில் டேங்க் தீரும். ஆழம் போகப் போகச் சுற்றுப்புற அழுத்தத்தோடு சேர்ந்து அந்தக் கொட்டலும் கூடும். ஹெச்.பி. ஒழுக்கு ஆழத்தைப் பார்ப்பதில்லை, டேங்கில் எவ்வளவு இருக்கிறதோ அதைத்தான் பார்க்கும்.

நீருக்குள் கேஜ் முனையில் குமிழி பார்த்தால்: துணையிடம் காட்டுங்கள், டைவை நிதானமாக முடித்துக்கொண்டு ஏறுங்கள். வால்வை மூட அவசரப்பட வேண்டாம், ஃபிட்டிங்கைக் கீழே தொடவே வேண்டாம். கரையில் குமிழி பார்த்தால் அந்த செட்டோடு இறங்காதீர்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்கிறவர்கள் நிறைய. கரையில் "சின்னதுதானே" என்பார்கள், கீழே போனதும் பதறுவார்கள்.

சிப்காட் ஃபிட்டர் (ஓசூர்)

அந்த ஊசித்துளையை நான் நேற்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். விட்டம் 0.2 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொண்டேன். 200 பாரில் அது வழியாக நிமிஷத்துக்கு அதிகபட்சம் 70 லிட்டர் சாதாக் காற்று போகும். 11.1 லிட்டர் அலுமினிய டேங்கில் 200 பார் என்றால் ஏறத்தாழ 2200 லிட்டர். அதாவது அரை மணி நேரம், அழுத்தம் இறங்க இறங்க ஒழுக்கும் தளரும் என்பதால் அதற்கும் மேலே. மேற்பரப்பில் நிமிஷத்துக்கு 20 லிட்டர் சுவாசிப்பவர் 20 மீட்டர் ஆழத்தில் 60 லிட்டர் எடுப்பார். ஆக ஹோஸ் முழுசாக வெடித்தாலும், பக்கத்தில் இன்னொருவர் அதே டேங்கில் சுவாசிக்கிற மாதிரிதான் கணக்கு.

இப்போது நான் அடித்துத் தருகிற ஹைட்ராலிக் முனையைப் போடுங்கள். அதில் துளை 2 மில்லிமீட்டருக்குக் குறையாது. விட்டம் பத்து மடங்கு, பாய்ச்சல் நூறு மடங்கு. டேங்க் வால்வின் வழியும் குறுகல் என்பதால் நூறு மடங்கு முழுசாக வராது, இருந்தாலும் யோசிக்க நேரம் மிஞ்சாது. சில ரெகுலேட்டர்களில் உடம்பிலேயே அந்த வழி சின்னதாக இருக்கிறது என்று நீலக்குப்பி சொன்னார். உங்களுடையதில் அப்படியா என்று தெரியாமல் அதை நம்பக் கூடாது. நீங்கள் கேட்ட ஓட்டை இதுதான் தம்பி. ஹோஸின் பலத்தைக் கடைக்காரர் பார்த்தார். துளையின் அளவைப் பார்க்கவில்லை, ஏனென்றால் அவர் தொழிலில் துளை பெரிதாக இருப்பதுதான் நல்லது.

கருங்கல் (பர்கூர்)

துளை விஷயம் புதுசு, இவ்ளோ நாள் கேள்விப்பட்டதே இல்ல. எண்ணெய் விஷயத்துல நான் ஒண்ணு சேர்க்கிறேன், அது எங்க தொழில்ல கண்ணால பார்க்கிறது. கம்ப்ரஸர் டெலிவரி பைப்புல எண்ணெய்க் கரி படிஞ்சா, சூடேறி உள்ளேயே தீப்பிடிக்கும். வெளியிலேர்ந்து நெருப்பு வேணாம், காத்து நெரிஞ்சு வர்ற சூடே போதும். உங்க டேங்க் வால்வை ஒரே இழுப்புல திறந்தா, காலி ஹோஸுக்குள்ள 200 பார் ஒரே அடியா போயி முட்டுச்சந்துல மோதும். அங்க எண்ணெய்ப் பசை இருந்தா? மெதுவா திறங்கன்னு சொல்றது இதுக்கும் சேர்த்துத்தானே?

நீலக்குப்பி (ஓசூர்)

ஆமாம் அண்ணா, அதேதான். சாதாக் காற்றிலேயே இது ஆபத்து, ஆக்ஸிஜன் கூட்டிய நைட்ராக்ஸ் கலவையில் இன்னும் மோசம். 40 சதவீதத்துக்கு மேல் ஆக்ஸிஜன் போகிற கருவிக்குக் கிரீஸே தனி, சாதா சிலிக்கான் கிரீஸ்கூட ஆகாது. காற்றுக்கு மட்டும் பயன்படும் செட்டில் ஓ-ரிங் மேல் சிலிக்கான் கிரீஸ் பளபளப்பு தெரிகிற அளவு போதும். கண்ணுக்குக் கட்டியாகத் தெரிந்தால் அது அதிகம். தேங்காய் எண்ணெய் தடவுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கைக்கு எட்டுகிற பொருள், ரப்பருக்கு நல்லது என்று ஒரு நம்பிக்கை. அது சிக்குப் பிடித்து மண்ணை இழுக்கும், எரியவும் செய்யும். தயவுசெய்து வேண்டாம்.

வால்வைத் திறக்கும்போது கேஜின் கண்ணாடி உங்கள் முகத்தையோ அடுத்தவர் முகத்தையோ பார்க்கக் கூடாது. கேஜுக்குள் இருக்கும் குழாய் விட்டுவிட்டால் பின்பக்கத்து அடைப்பான் கழன்று அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். ஆனால் அதை நம்பி முகத்தை நீட்ட வேண்டியதில்லை.

தகட்டூர்க்காரன் (தருமபுரி)

தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். புகைக்குள் போகும்போது நாங்கள் முதுகில் மாட்டும் மூச்சுக்கருவியிலும் தோளுக்கு ஒரு ஹெச்.பி. ஹோஸ் வந்து கேஜில் முடியும். சிலிண்டர் 300 பார். உங்களுக்கு உதவக்கூடிய ஒரு சோதனை சொல்கிறேன், வாளி தேவையில்லை.

வால்வைத் திறந்து முள் மேலே போனதும் மூடிவிடுங்கள். மூச்சு இழுக்காதீர்கள். முள்ளைப் பாருங்கள். எங்கள் பயிற்சியில் ஒரு நிமிஷத்தில் 10 பாருக்கு மேல் இறங்கினால் அந்தக் கருவி வேலைக்கு எடுக்கக் கூடாது. ஹோஸுக்குள் அடைபட்டிருப்பது கொஞ்சம் காற்றுதான் என்பதால், சின்ன ஒழுக்குகூட முள்ளில் உடனே தெரிந்துவிடும். வால்வு திறந்திருந்தால் முழு சிலிண்டரும் பின்னால் நின்று அந்த ஒழுக்கை மறைத்துவிடும். இந்த வித்தியாசத்தைப் புது ஆட்களுக்குப் புரியவைக்கவே எங்களுக்கு நேரம் பிடிக்கும்.

முள் இறங்கினால் ஒழுக்கு உண்டு என்றுதான் தெரியும், எங்கே என்று சொல்லாது. இடத்தைக் கண்டுபிடிக்கத் தண்ணீரோ சோப்பு நுரையோ வேண்டும்.

பரிசல்துறை (பென்னாகரம்)

ஒகேனக்கல் பக்கம் தண்ணியில ஆள் மாட்டினா முதல்ல கூப்பிடறது எங்க ஊர்ப் பசங்களைத்தான். இவங்களுக்கு ஸ்கூபா பழக்கிவிடலாம்னு ஒரு பேச்சு நடக்குது, யாரோ பழைய செட் ரெண்டு தர்றதா சொல்லியிருக்காங்க. பழசுல ஹோஸ் பக்கம் எதைப் பார்த்து வாங்கணும்? இன்னொண்ணு, எங்க போர் தண்ணி கழுவின பாத்திரமே வெள்ளை பூக்கும். அதுல கழுவினா கெடுமா?

நீலக்குப்பி (ஓசூர்)

பரிசல்துறை, முதலில் ஒன்று. ஒகேனக்கல் ஓட்டத்தில், பாறை இடுக்கில் ஸ்கூபா போட்டு இறங்குவது கடலில் இறங்குவதைப் போல இல்லை. சுழலில் டேங்கும் ஹோஸும் மாட்டிக்கொள்ளும். மீட்புக்கான தனிப் பயிற்சி இல்லாமல் அந்தப் பையன்களை இறக்காதீர்கள். நல்ல நீச்சல்காரர் என்பது இதற்குப் போதாது. தீயணைப்புத் துறையோடு பேசிவிட்டுத்தான் மேலே எதுவும்.

பழைய செட்டில் பார்க்க வேண்டியது. ஹோஸின் இரண்டு முனையிலும் ரப்பர் உறை மாட்டியிருந்தால் அதைத் தள்ளிவிட்டுப் பாருங்கள். ஹோஸ் மடிந்து ஒடியாமல் இருக்கத்தான் அந்த உறை. ஆனால் உப்புத் தண்ணீர் அதற்குள் தங்கி, கிரிம்ப் கிண்ணத்தை யார் கண்ணுக்கும் படாமல் அரிக்கும். பச்சையாகப் பூத்திருந்தால் தேய்த்துப் பாருங்கள். தேய்த்த இடத்தில் பித்தளை மஞ்சளாக இல்லாமல் செம்பு மாதிரி சிவந்து தெரிந்தால், துத்தநாகம் கரைந்து போய்விட்டது என்று பொருள். அந்த உலோகம் பார்க்க முழுசாக இருக்கும், உள்ளே பொரபொரத்திருக்கும். அந்த ஹோஸ் இலவசமாக வந்தாலும் வேண்டாம். கிரிம்ப்பை ஒட்டி ஹோஸை லேசாக வளைத்தால் ரப்பரில் நுண்வெடிப்பு தெரிகிறதா பாருங்கள். ஹோஸ் நடுவில் வெடிப்பது அரிது. கிண்ணம் முடிந்து ரப்பர் தொடங்குகிற இடத்தில்தான் வளைவு முழுதும் விழும்.

மிகப் பழைய ரெகுலேட்டர் என்றால் இன்னொரு கவனம். முன்காலத்தில் ஹெச்.பி. வாயும் எல்.பி. வாயும் ஒரே 3/8 அங்குல மரையில் இருந்தன. மாற்றி மாட்டிவிட்டால் எல்.பி. ஹோஸில் 200 பார் ஏறும். அதைத் தவிர்க்கத்தான் ஹெச்.பி.யை 7/16 ஆக்கினார்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்கிற செட் கிடைத்தால் அதைப் பழக்க எடுக்காதீர்கள்.

நூல் பின்னிய வளைகிற ஹோஸ் பற்றிக் கேட்காமலே சொல்கிறேன். வளைவதற்கு அருமை, வெளியே வெடிப்பும் வராது. ஆனால் சில எல்.பி. பின்னல் ஹோஸ்களில் உள்குழல் பிளாஸ்டிக், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து உள்ளேயே படிகம் படிகமாக உதிர்ந்து வழியை அடைத்ததை டைவர் பாதுகாப்பு அமைப்பான டான் எச்சரித்திருக்கிறது. வெளியே பளபளப்பாக இருக்கும், அடையாளமே தெரியாது. நம் ஊர் வெயிலில் கார் டிக்கியில் கிடக்கும் ஹோஸுக்கு இது வெறும் கதை இல்லை, நடக்கக்கூடியது. ரப்பரோ பின்னலோ, பல தயாரிப்பாளர்கள் ஐந்து வருஷம் என்கிறார்கள். அதை மீறாதீர்கள்.

தண்ணீர் விஷயம் நல்ல கேள்வி. கடின நீரில் கழுவிக் காயவைத்தால் அந்த வெள்ளைப் படிவு ஸ்பூல் சுழலுகிற இடுக்கிலும் உட்காரும். அதன் மேல் ஓ-ரிங் திரும்பினால் அரம் வைத்துத் தேய்த்த கணக்கு. உப்பைக் கரைக்க முதல் ஊறல் போர் தண்ணீரில் இருக்கட்டும், மோசமில்லை. கடைசி அலசலுக்கு ஒரு வாளி ஒகேனக்கல் குழாய்த் தண்ணீரோ மழைத் தண்ணீரோ வையுங்கள். துடைத்துவிட்டு நிழலில் தொங்கவிடுங்கள்.

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி)

நிலவரம் சொல்கிறேன். அக்கா சொன்னபடி டைவ் கடையிலிருந்து ஸ்பூல் ஒன்றும் புது ஹெச்.பி. ஹோஸ் ஒன்றும் வரவழைத்தேன். ஆறு வருஷ ஹோஸில் வெறும் ஸ்பூலை மாற்றி ஓட்ட மனசில்லை. புதுச்சேரியில் வாடகை டேங்கில் மாட்டி, 200 பாரிலும் 50 பாரிலும் முக்கிப் பார்த்தோம், குமிழி இல்லை. தகட்டூர்க்காரன் ஐயா சொன்ன மாதிரி வால்வை மூடி வைத்தோம், முள் அசையவில்லை. பழைய ஸ்பூலை லென்ஸில் பார்த்தால் ஒரு ஓ-ரிங் ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்து, நகத்தால் அழுத்தினால் திரும்பி வரவே இல்லை.

புது ஹோஸின் முனையையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்தத் துளை இருக்கிறது என்று தெரியாமல் பார்த்தால் அடைத்துக்கொண்டது என்றுதான் நினைப்போம்.

நீலக்குப்பி (ஓசூர்)

அருமை. அப்படி நினைத்து ஊசியால் குத்திப் பெரிதாக்கியவர்களும் உண்டு, உங்கள் நண்பர்களிடம் சொல்லி வையுங்கள்.

தலைப்புக்கு வெளியே ஒன்று. புதுச்சேரியில் டைவ் முடித்து அன்று மாலையே திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழியாக வண்டி ஏறிவிடுகிறீர்கள் என்று முன்பு ஒரு இழையில் எழுதியிருந்தீர்கள். கிருஷ்ணகிரியோடு நின்றால் பரவாயில்லை என்று சொல்லலாம், ஆனால் அதைத் தாண்டினால் உயரம் கூடுகிறது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர். விமானம் ஏறுவதற்கு முன் காத்திருக்கச் சொல்லும் டான் அமைப்பின் அளவுகள் 600 மீட்டர் உயரத்திலிருந்தே பொருந்தும்: ஒரே ஒரு டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் போட்டிருந்தால் 18. ஓசூர் நண்பர்கள் அன்றிரவு புதுச்சேரியிலேயே தங்கிவிடுங்கள். இதைத் தனி இழையாகத் தொடங்குகிறேன்.

சிப்காட் ஃபிட்டர் (ஓசூர்)

தம்பி, அந்தப் பழைய ஹோஸைத் தூக்கிப் போடாதீங்க, எனக்கு அனுப்புங்க. கிரிம்ப் கிண்ணத்தை நெடுக அறுத்துப் பார்க்கணும்.

சிப்காட் ஃபிட்டர் (ஓசூர்)

ஹோஸ் வந்தது, அறுத்தேன். ரெகுலேட்டர் பக்கத்துக் கிண்ணம் சுத்தம். கேஜ் பக்கத்துக் கிண்ணத்தில் உறை மூடியிருந்த பாதி உள்ளேயும் பச்சை ஏறியிருக்கிறது, பித்தளை ஓரத்தில் சிவப்பும் தெரிகிறது. அந்தப் பக்கத்தில் கிண்ணத்தின் விளிம்பு பொடிந்து, வளைவு விழுகிற இடத்தில் உள்ரப்பர் வரை கோடு போயிருக்கிறது. குமிழி வந்தது ஸ்பூலில்தான், இதில் இல்லை. ஆனால் ஸ்பூலை மட்டும் மாற்றிவிட்டு இந்த ஹோஸை வைத்திருந்தால் குமிழி நின்றிருக்கும், நீங்களும் நிம்மதியாக இறங்கியிருப்பீர்கள். உங்கள் இன்னொரு செட்டின் ஹோஸ் எந்த வருஷம் என்று பாருங்கள். முனையில் மாதமும் வருஷமும் அடித்திருந்தால் அதை இங்கே போடுங்கள்.

தென்பெண்ணை (கிருஷ்ணகிரி)

பார்த்தேன் அண்ணா, இரண்டும் ஒரே நேரத்தில் வாங்கியது. உறையைத் தள்ளினேன், அதிலும் பச்சை. புது ஹோஸுக்குச் சொல்லிவிட்டேன். வரும்வரை அந்த செட் அலமாரியில் இருக்கட்டும்.